ஒப்படைக்க முடியாத பொறுப்பு

(தந்தையர் நாளை ஒட்டி சிட்னியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அவுஸ்திரேலியாவில் தந்தையர் நாள் செப்டெம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று எங்கள் தேவாலயங்களில் அப்பாமாரை முன்னுக்கு அழைப்பார்கள். பிள்ளைகள் கையில் ஒரு சாக்லேட்டோ பேனாவோ கொடுப்பார்கள், போதகர் ஜெபிப்பார், எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வோம். நல்ல வழக்கம், இருக்கட்டும். அந்தப் படத்துக்கு வெளியே, திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். நான் இறையியல் கற்றவனல்லன். இந்த நகரின் மேற்குப் பகுதியில் ஞாயிறு பாடசாலையிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலும் நெடுங்காலமாகப் பிள்ளைகளோடு பழகிவருகிறேன். அந்தப் பழக்கத்தின் பலத்தில்தான் பேசத் துணிகிறேன்.

தாவீதிலிருந்து தொடங்குகிறேன். ஆடு மேய்த்தவன், சங்கீதம் பாடியவன், கடவுளின் மனதுக்கு உகந்தவன் என்று பெயர் பெற்ற அரசன். அவன் வீட்டுக்குள் நடந்ததைச் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. மகள் தாமாருக்கு வேறு தாயின் வயிற்றில் பிறந்த அண்ணன் அம்னோன் கொடுமை செய்தான். தாவீது கேள்விப்பட்டுக் கடுங்கோபம் கொண்டான். அவ்வளவுதான். மகளைக் கூப்பிட்டு ஆறுதலாக ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. மகனை விசாரித்ததாகவும் இல்லை. இரண்டு வருடம் காத்திருந்த அப்சலோம், தாமாரின் கூடப்பிறந்த அண்ணன், அம்னோனைக் கொன்றுவிட்டுக் கேசூருக்கு ஓடினான். மூன்று வருடம் கழித்து அவனைத் திருப்பி அழைத்தார்கள். ஆனால் எருசலேமிலேயே இரண்டு வருடம் குடியிருந்தும் தகப்பனின் முகத்தைப் பார்க்க அவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பிறகு ஒரு முத்தம், பிறகு கலகம், பிறகு எப்பிராயீம் காட்டில் மரத்தில் மாட்டிக்கொண்டு மரணம். சேதி வந்ததும் வாசலின் மேல்வீட்டுக்கு ஏறிப்போன தாவீது, அவனுக்குப் பதிலாக நான் செத்திருக்கக் கூடாதா என்று கதறினான். இவனுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தப் பாசம் மகன் காது கேட்க ஒருமுறை வெளியே வந்திருந்தால் இந்தக் கதையின் போக்கே மாறியிருக்கும் என்று நான் உண்மையாக நம்புகிறேன்.

இன்னொரு மகனும் உண்டு. தாவீதின் முதுமையில், நானே அரசன் என்று கிளம்பிய அதோனியா. அவனைப் பற்றி ராஜாக்களின் முதலாம் புத்தகம் போகிறபோக்கில் ஒரு தகவல் தருகிறது. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று தகப்பன் ஒருநாளும் அவனைக் கேட்டு அவன் மனதை நோகச் செய்ததில்லையாம். ஒரு மகனுக்கு முகம் காட்டவில்லை, இன்னொரு மகனிடம் கேள்வி கேட்கவில்லை. முதலாவதைக் கண்டிப்பு என்போம், இரண்டாவதைச் செல்லம் என்போம். இரண்டிலும் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் தகப்பன் இல்லை.

நான் சொல்லவந்தது இதுதான். பிள்ளையை நேசிப்பது ஒரு வேலை, வழிநடத்துவது இன்னொரு வேலை என்று பிரித்து, முதலாவதை அம்மாவிடமும் இரண்டாவதை ஆசிரியர்களிடமும் போதகரிடமும் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் காசு உழைப்பதே தகப்பனின் பங்கு என்று எங்களில் பலர் இருந்துவிட்டோம். தகப்பன் பிள்ளைக்கு முகங்கொடுத்துக் கதைப்பதால் மட்டுமே நடக்கிற காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆள் வைக்க முடியாது.

எங்கள் வாரத்தைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். சிட்னியில் துங்காபி, வென்ட்வேர்த்வில், பென்டில் ஹில், வெஸ்ட்மீட். மெல்பேர்னில் டண்டினோங், கிளென் வேவர்லி, டார்னீட். எங்கே போனாலும் சனிக்கிழமை காலை ஒரே காட்சிதான். தமிழ்ப் பாடசாலை, அங்கிருந்து ரியூஷன், அங்கிருந்து வயலின் அல்லது நீச்சல், ஞாயிறு காலை ஞாயிறு பாடசாலை. கத்தோலிக்கக் குடும்பங்களில் மறைக்கல்வி. ஒவ்வொன்றும் நல்லது. தமிழை உயர்தரப் பரீட்சைக்கு ஒரு பாடமாக எடுக்கும் வசதி இந்த மாநிலத்தில் இருக்கிறதென்றால் அது பெற்றோரும் ஆசிரியர்களும் பல வருடம் உழைத்துப் பெற்ற பேறு. ஆனால் இந்த ஓட்டத்தில் அப்பாவின் இடம் எங்கே? காரின் முன்னிருக்கையில். பின்னிருக்கையில் பிள்ளை காதில் ஹெட்போன் போட்டிருக்கிறது. அப்பா டொரொண்டோவில் இருக்கும் மச்சானோடு கதைத்துக்கொண்டு ஓட்டுகிறார். தமிழைக் கற்பிக்க ஓர் இடம், கணிதத்துக்கு ஓர் இடம், கடவுளைக் கற்பிக்க ஓர் இடம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு செய்தவர், தான் பிள்ளையோடு கதைக்க எந்த இடத்தையும் ஒழுங்கு செய்யவில்லை.

ஒருமுறை எங்கள் ஞாயிறு பாடசாலையில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம், உங்கள் அப்பா கடவுளிடம் என்ன கேட்கிறார் என்று எழுதச் சொன்னேன். என் படிப்புக்காக என்று பெரும்பாலானோர் எழுதினார்கள். வேலைக்காக, வீட்டுக் கடனுக்காக என்று சிலர். ஒரு பிள்ளை எதுவும் எழுதாமல் தாளைத் திருப்பித் தந்தது. ஏன் என்று கேட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்தான் ஜெபிப்பார், எனக்குக் கேட்காது என்றது. அந்த அப்பாவை எனக்குத் தெரியும். பக்தியுள்ள மனிதர். பல வருடமாக அதிகாலையில் எழுந்து ஜெபிப்பவர். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்த ஜெபத்தில் ஒரு வரிகூடப் பிள்ளையின் காதில் விழவில்லை. பிள்ளைக்குக் கேட்கும்படி, பிள்ளைக்குப் புரியும் மொழியில், அரைத் தமிழும் அரை ஆங்கிலமும் கலந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டு ஜெபியுங்கள் என்று அப்பாமாரிடம் அன்று முதல் சொல்லிவருகிறேன். வேலையில் எனக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே என்று ஓர் அப்பா சொல்வதைக் கேட்ட பிள்ளை, தன் பயத்தையும் அந்த அப்பாவிடம் கொண்டுவரும்.

படிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மகனைக் கற்றோர் அவையில் முன்வரிசையில் நிற்கச் செய்வதே தகப்பன் மகனுக்குச் செய்யும் நன்மை என்பது குறளின் கருத்து. நாங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்து வளர்ந்த கருத்து. இங்கே வந்தபிறகு அந்த அவை எது என்று கேட்டால், சிட்னியில் கார்லிங்ஃபோர்டில் இருக்கும் ஜேம்ஸ் ரூஸ் விவசாய உயர்நிலைப் பாடசாலை என்றும், மெல்பேர்னில் மெல்பேர்ன் ஹை, மக்ரொப், நொசல் என்றும் பதில் வரும். சிட்னியில் ஆறாம் வகுப்பில் எழுதும் செலெக்டிவ் பரீட்சைக்கு மூன்றாம் வகுப்பிலேயே ரியூஷன் தொடங்கிவிடுகிறது. இலங்கை யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து வந்த சனம், படிப்பை மட்டும் யாரும் பறிக்க முடியாது என்று நம்புவதில் பிழையில்லை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலகமும் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் இருக்கின்றன. ஆனால் அந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்? அப்பா ஏன் என் புள்ளிகளைப் பார்த்து இப்படி முகம் கறுக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அப்பாவின் பயத்தைத் தன்மீதுள்ள வெறுப்பு என்று அது எடுத்துக்கொள்கிறது.

லூக்கா சுவிசேஷத்தில் வரும் கெட்ட குமாரன் கதையில் இளையவனைப் பற்றியே எப்போதும் பிரசங்கிப்போம். சிட்னியிலும் மெல்பேர்னிலும் எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மூத்தவன். சொன்னதைச் செய்கிறவன், பரீட்சையில் சித்தியடைகிறவன், வயலை விட்டு வீட்டுக்குள் வர மனமில்லாமல் வெளியே நிற்கிறவன். இத்தனை வருடம் உழைத்தேன், என் நண்பர்களோடு கொண்டாட ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்பது அவன் முறைப்பாடு. அந்தக் கதையில் தகப்பன் இரண்டு தரம் வெளியே வருகிறார். இளையவனைத் தூரத்திலேயே கண்டு ஓடியது ஒரு தரம். விருந்தை விட்டுவிட்டு மூத்தவனிடம் வந்து கெஞ்சியது மறுதரம். தகப்பன் பிள்ளையிடம் வருந்தி அழைத்து நிற்பது அந்தக் காலத்துக் கிழக்கத்திய சமூகத்தில் மானக்கேடு. எங்கள் சமூகத்தில் இன்றைக்கும் அப்படித்தான். இயேசு சொன்ன தகப்பன் அந்த மானத்தைப் பார்க்கவில்லை. மருத்துவம் கிடைக்காமல் வேறு துறைக்குப் போன மகளிடம், அறையைப் பூட்டிக்கொண்டிருக்கும் மகனிடம், நீ எங்களோடுதான் இருக்கிறாய், எங்களுடையதெல்லாம் உன்னுடையது என்று வெளியே போய்ச் சொல்ல வேண்டியவர் அப்பா. அதை அம்மா மூலம் சொல்லி அனுப்பினால் பிள்ளை நம்பாது.

இனி இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்குக் கொஞ்சம் கசப்பான விடயம். சீலோவின் ஆசாரியன் ஏலி, சாமுவேல் என்ற சிறுவனுக்குக் கடவுளின் குரலைக் கேட்கக் கற்றுக்கொடுத்தான். அவ்வளவு நல்ல ஆசிரியன். அவனுடைய சொந்த மகன்மார் இருவரும் அதே ஆலயத்தில், காணிக்கை கொண்டுவரும் சனத்தைக் கொள்ளையடித்தார்கள். தகப்பன் வாயால் கண்டித்தான், தடுக்கவில்லை. அவனிடம் வளர்ந்த சாமுவேலும் ஊர் ஊராகப் போய் நியாயம் விசாரித்தவன். அவன் மகன்மாரும் லஞ்சம் வாங்கினார்கள். தேவாலய வேலையில் மூழ்கியிருக்கும் தகப்பன்மாருக்கு வேதாகமம் வைத்திருக்கும் எச்சரிக்கை இது. வெள்ளி இரவு நிர்வாகக் குழு, சனி இரவு பாடற்குழுப் பயிற்சி, ஞாயிறு முழுநாள் ஆலயம் என்று இருப்பவர், ஆண்டவருடைய வேலைதானே என்று நிம்மதியாக இருந்துவிடலாம். பிள்ளைக்கோ, அப்பாவைத் தன்னிடமிருந்து பறித்த இடம் என்றே ஆலயம் மனதில் பதியும்.

மேற்கு அவுஸ்திரேலியாவில் புரூஸ் ராபின்சன் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். நுரையீரல் புற்றுநோய் மருத்துவர். இனி அதிக நாள் இல்லை என்று ஆண்களிடம் சொல்லவேண்டிய கடமை அவருக்கு அடிக்கடி வந்தது. அப்போது திரும்பத் திரும்ப அவர் கேட்டது, பிள்ளைகளோடு இன்னும் நேரம் செலவழித்திருக்கலாமே என்ற வருத்தம். மருத்துவர் அதோடு நிற்கவில்லை. வேலைப்பளு மிகுந்த தகப்பன்மாருக்காக ஒரு நூல் எழுதினார், 2013இல் தகப்பன்மாருக்கான ஓர் இயக்கத்தையும் தொடங்கினார். அவருடைய ஆலோசனைகளில் எனக்கு மிகப் பிடித்தது, ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்பது. மூன்று பிள்ளைகளையும் ஒன்றாக அள்ளிப்போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவது வேறு, ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துக்கொண்டு தோசைக் கடையில் போய் உட்காருவது வேறு. இரண்டாவதில்தான் பிள்ளை வாய் திறக்கும்.

நேரம் ஒதுக்குங்கள் என்று சொல்லும்போது என் முன்னே சில முகங்கள் வருகின்றன. அவர்களைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் படகில் வந்து, தற்காலிக விசாவிலும் இணைப்பு விசாவிலும் பத்து வருடத்துக்கு மேல் இங்கே தனியே இருந்த தகப்பன்மார். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் தமிழக முகாம்களிலும் விட்டுவந்த பிள்ளைகள், கைக்குழந்தையாக இருந்தவர்கள், வாட்ஸ்அப்பிலேயே வளர்ந்து பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். 2023 பெப்ரவரியில் அரசாங்கம் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழியைத் திறந்தது. அதற்குள் வராதவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பிள்ளையோடு நேரம் செலவழியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

இந்தப் பிரிவு எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் மலாயா ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்து மணியோடர் அனுப்பினார்கள். அந்தக் காசில் கல்வீடுகள் எழுந்தன, பாடசாலைகள் வளர்ந்தன. தந்தை செல்வா என்று நாங்கள் அழைக்கும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1898இல் ஈப்போவில் பிறந்தவர். படிப்பிக்க வேண்டும் என்று தாயார் பிள்ளைகளைத் தெல்லிப்பழைக்குக் கூட்டிவர, தகப்பனார் மலாயாவில் இருந்தார். இந்துக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த காங்கேசன்துறைத் தொகுதி மக்கள், தன் சமயத்தை மறைக்காத இந்தக் கிறிஸ்தவரைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள், தந்தை என்றும் அழைத்தார்கள். கொழும்பில் முன்னணிச் சிவில் வழக்கறிஞராக இருந்தவர், வருமானத்தையும் உடல்நலத்தையும் பார்க்காமல் பொதுவாழ்வில் நின்றதை அவர் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். மகன் சந்திரகாசன், 1983 கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்த அகதிகளுக்காக 1984இல் சென்னையில் ஒஃபர் அமைப்பைத் தொடங்கினார். முகாம்களில் அகதிப் பிள்ளைகளின் படிப்பு அதன் முதன்மையான பணிகளில் ஒன்றாக இருந்துவந்திருக்கிறது. தகப்பன் நடந்த வழியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அதே வழியைத் தன் காலத்துக்கு ஏற்ப வேறு விதமாக நடந்தது.

தூரத்தில் இருக்கும் தகப்பனிடம் பிள்ளை பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தொலைபேசியில் முகமும் குரலும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை. இடைவேளையில் மகளை எழுப்பி, அன்றைய வேத பகுதியை அவள் வாசிக்க இவர் கேட்பார். காசு வந்ததா, படித்தாயா என்ற இரண்டு கேள்விகளோடு மற்றவர்கள் போனை வைக்கும்போது, இவர் அவளுடைய ஆசிரியர்களின் பெயர், சிநேகிதிகளின் பெயர், வீட்டு நாய்க்குட்டிக்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். பக்கத்து அறையில் பிள்ளை இருந்தும் இவ்வளவு தெரியாத அப்பாமார் எங்களில் இருக்கிறார்கள்.

இப்போது விசுவாசத்துக்கு வருகிறேன். பெற்றோர் என்னிடம் தனியே வந்து கேட்பது இதைப் பற்றித்தான். மகன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான், மகள் தனக்கு மதம் இல்லை என்கிறாள், என்ன செய்வது? 2021 குடிசன மதிப்பீட்டில் அவுஸ்திரேலியர்களில் 38.9 வீதமானோர் மதம் இல்லை என்று எழுதினார்கள். ஐந்து வருடத்துக்கு முன் 52.1 வீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் 43.9 வீதமாகக் குறைந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள். தெல்லிப்பழையிலோ தமிழகத்து நாசரேத்திலோ சொந்தபந்தமெல்லாம் தேவாலயத்துக்குப் போனபோது நாங்களும் போனோம். இங்கே ஆலயத்துக்குப் போவதற்குப் பிள்ளை தனக்கென்று ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும்.

பிள்ளை வேறு வழி போனால் தகப்பன் எப்படி நிற்பது என்று பார்க்க, இந்த இடத்தில் தஞ்சாவூருக்குப் போக விரும்புகிறேன். 1726இல் பிரஷ்யாவில் பிறந்து 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் திருமணம் செய்யாதவர். இரண்டு சிறுவர்களுக்கு அவர் தகப்பனாக இருந்தார். ஒருவன் திருநெல்வேலி தேவசகாயத்தின் மகன் வேதநாயகம். பன்னிரண்டு வயதளவில் தகப்பனின் சம்மதத்தோடு சுவார்ட்ஸ் அவனைத் தஞ்சைக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். இன்னொருவன் சரபோஜி. 1787இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் சுவீகாரம் எடுத்த பையன். சிற்றப்பன் முறையான அமர்சிங் அரியணையில் இருந்த வருடங்களில் அந்தச் சிறுவன் அடைபட்டு, படிப்பும் இல்லாமல் கிடந்தான். சுவார்ட்ஸ் சென்னை அரசாங்கத்துக்கு எழுதினார், வாதாடினார், அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வழிசெய்தார். 1798 பெப்ரவரியில் சுவார்ட்ஸ் இறந்தார். அதே வருடம் சரபோஜி மன்னரானார்.

வேதநாயகம் வேதநாயக சாஸ்திரியாராகி, பெத்லகேம் குறவஞ்சி பாடி, இன்றைக்கும் நாங்கள் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்தார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை. காசிக்கு யாத்திரை போனார், இந்துவாகவே 1832இல் கண்ணை மூடினார். ஒரு மிஷனரியின் கணக்கில் இது தோல்வி என்று யாராவது சொல்லக்கூடும். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜோன் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியிடம் சொல்லி சரபோஜி செய்வித்த சலவைக்கல் சிற்பம் அங்கே இருக்கிறது. மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ் கிடக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அந்த இந்து இளவரசர். தன்னைப் பெற்ற தகப்பனுக்குச் செய்வதைப் போன்ற கனிவு அதில் இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்ததும் பாடசாலைகளையும் மருத்துவ ஆராய்ச்சிக்கான தன்வந்திரி மகாலையும் நிறுவியதும் அதே கைகள். மதம் மாறினால்தான் உனக்காக வாதாடுவேன் என்று சுவார்ட்ஸ் அந்தப் பையனிடம் விலை பேசியிருந்தால், அரசு கிடைத்தபிறகு அவருடைய பெயரைக்கூட அவன் எடுத்திருக்க மாட்டான்.

ஆலயத்தை விட்டுப்போன பிள்ளையின் அப்பாவுக்கு நான் சொல்வது, உங்கள் விசுவாசத்தை மறைக்காதீர்கள், அதைப் பாசத்துக்கு நிபந்தனையாகவும் வைக்காதீர்கள் என்பதுதான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பிள்ளைக்கும் கோப்பை இருக்கட்டும். அவள் கேட்கும் கேள்விகள், அறிவியலைப் பற்றி, பெண்களைப் பற்றி, சாதி பார்க்கும் கிறிஸ்தவர்களைப் பற்றி, பெரும்பாலும் நியாயமான கேள்விகள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். கலியாணப் பேச்சில் அப்பா சாதி கேட்பதைக் கேட்ட மகளிடம், எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்ற பிரசங்கம் எடுபடாது. அவளை விசுவாசத்திலிருந்து வெளியே தள்ளியது பல்கலைக்கழகம் என்று நாங்கள் நினைக்கிறோம். பல வீடுகளில் அது வரவேற்பறையிலேயே நடந்துமுடிந்துவிடுகிறது.

கண்டிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடியாத மாடு படியாது என்ற பழமொழியோடும் நீதிமொழிகளின் பிரம்போடும் வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்த மாநிலத்தின் சட்டம் பிள்ளையின் தலையிலோ கழுத்திலோ கை வைப்பதையும், சிறிது நேரத்துக்கு மேல் நீடிக்கும் காயம் உண்டாக்குவதையும் கண்டிப்பு என்று ஏற்காது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் கையை மடக்கிக்கொண்டவர் நாக்கால் அடிக்கத் தொடங்கிவிடுகிறார், அதையும் பார்க்கிறேன். பவுல் கொலோசெயருக்கும் எபேசியருக்கும் எழுதும்போது, பிள்ளைகளைக் கோபப்படுத்தி மனந்தளரச் செய்யாதீர்கள் என்ற கட்டளையைப் பெயர் சொல்லித் தகப்பன்மாருக்கே கொடுக்கிறார். பிள்ளையின் அடங்காமையைவிட அதன் மனம் ஒடிந்துபோவதற்கு அவர் அஞ்சினார்.

எங்கள் பண்பாட்டின் ஒரு நல்ல குணமே இங்கே பிள்ளைகளுக்கு ஆபத்தாக முடியலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு மரியாதை, குருக்களுக்கு இரட்டை மரியாதை. இந்த நாட்டின் அரச ஆணைக்குழு 2013 முதல் 2017 வரை, நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரித்து 17 தொகுதிகளில் அறிக்கை தந்தது. தனி அமர்வுகளில் தங்கள் கதையைச் சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சமய நிறுவனங்களில் பாதிக்கப்பட்டவர்கள். பிள்ளையாக இருந்தபோதே வாய் திறந்தவர்களில் பலரை வீட்டில் நம்பவில்லை. தாமாருக்கு நடந்ததைப் போலவே, அவர்களுக்காகவும் தகப்பன் எழுந்து நிற்கவில்லை. மகளோ மகனோ ஒரு பெரியவரைப் பற்றி, அவர் போதகரானாலும் மாமாவானாலும், தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், முதலில் நம்புங்கள். சபையின் பெயர் கெட்டுப்போகும் என்ற பேச்சுக்கு அந்த வீட்டில் இடமே இருக்கக் கூடாது. இதை அம்மாவிடம் விடாதீர்கள். அப்பா நம்பினார் என்பது அந்தப் பிள்ளை எழுந்து நிற்பதற்குப் பெரிய பலம்.

இந்த நாட்டில் 2025 டிசெம்பர் 10ஆம் தேதியிலிருந்து பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும்படி அந்த நிறுவனங்களுக்குச் சட்டம் கட்டளையிட்டிருக்கிறது. பல அப்பாமார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கணக்குப் போன பிள்ளைக்கு இப்போது மாலையில் நேரம் கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அப்பா தன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை வேறு வழி கண்டுபிடிக்கும்.

முடிக்கும் முன் சபைகளின் நிர்வாகிகளிடம் சில வேண்டுகோள்கள். ஞாயிறு பாடசாலையில் படிப்பிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடவுளைப் பற்றிப் பேசுவது பெண்களின் வேலை என்று ஆண்பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். தகப்பன்மாரை அந்த வகுப்புகளுக்குள் கொண்டுவாருங்கள். சிறுவர்களோடு பணிபுரிவதற்கான பின்னணிச் சோதனைக்குத் தன்னார்வலர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, விண்ணப்பிப்பதும் கடினமில்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்தை வெள்ளி இரவிலிருந்து மாற்ற முடியுமா என்று பாருங்கள். குறைந்தது மாதத்தில் ஒரு வெள்ளியாவது எந்தக் கூட்டமும் இல்லாமல் இருக்கட்டும். விசாவுக்காகக் காத்திருக்கும் தனித் தகப்பன்மாரை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழையுங்கள். அவர்கள் பிள்ளைகளோடு கதைக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளைகளும் திரையில் வந்து வணக்கம் சொல்லட்டும். தகப்பனை யுத்தத்தில் இழந்த, அல்லது தகப்பன் விட்டுப்போன பிள்ளைகளும் இந்தச் சபைகளில் இருக்கிறார்கள். தந்தையர் நாளில் அவர்கள் பின்வரிசையில் உட்காருவதைக் கவனித்திருப்பீர்கள். ஊரில் பெரியப்பாவும் மாமாவும் அந்த இடத்தை நிரப்பினார்கள். இங்கே அந்த வேலை சபையில் இருக்கும் ஆண்களுடையது. அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துவைத்து, பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஒருமுறை போய் உட்காருங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை தானாகவே வந்து, எத்தனை மணிக்கு விழா என்று உங்களிடம் சொல்லும்.